கண்ணுக்கு முன்னே கணினி

ஒரு விரிதாளைத் திறந்து, இந்தப் பத்துச் சொற்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடித்துப் பாருங்கள்: மாடு, மழை, மனை, மக்கள், மரம், மவுனம், மயில், மறை, மலை, மகன். பிறகு அகரவரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். நெடுங்கணக்கு படித்த எவரும் மக்கள், மகன், மயில், மரம், மலை, மவுனம், மழை, மறை, மனை, மாடு என்றுதான் அடுக்குவார். தமிழ் என்று எங்கும் சொல்லிவைக்காத கணினியில் பல நேரங்களில் வேறொரு வரிசை கிடைக்கும்: மகன், மக்கள், மனை, மயில், மரம், மறை, மலை, மழை, மவுனம், மாடு. கடைசிக்கு முன்னால் நிற்கவேண்டிய மனை மூன்றாம் இடத்துக்கு ஏறிவிட்டது. மறை, மலையை முந்திக்கொண்டது. வகரத்துக்குப் பின்னால் வரவேண்டிய ழகரம் முன்னால் நிற்கிறது. மக்களும் மகனும் இடம் மாறிவிட்டார்கள்.

பத்துச் சொல்லில் இதைக் கண்ணாலேயே பார்த்துத் திருத்திவிடலாம். பத்தாயிரம் தலைப்புகள் உள்ள நூலகப் பட்டியலிலோ, ஒரு நூலின் சொல்லடைவிலோ, மாணவர் பெயர்ப் பதிவேட்டிலோ அது முடியாது. அங்கே பிழை அப்படியே அச்சுக்குப் போகிறது. தமிழில் இன்று வெளிவரும் பல நூல்களின் பின்னிணைப்புகளில் இந்தக் குளறுபடியைப் பார்க்கலாம். ‘கணினி அப்படித்தான் அடுக்கும்’ என்று பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். அப்படி விடவேண்டிய தேவையே இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கணினிக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. யூனிகோட் என்னும் உலகப் பொது அட்டவணையில் ‘ம’வின் எண் 2990, ‘ய’ 2991, ‘ர’ 2992. அடுத்து ‘ல’ வரும் என்றுதானே எதிர்பார்ப்போம்? 2993 ‘ற’வுக்குப் போயிருக்கிறது. 2994 ‘ல’, 2995 ‘ள’, 2996 ‘ழ’, அதற்கும் பிறகு 2997தான் ‘வ’. ‘ன’வுக்குக் கிடைத்த எண் 2985, அது ‘ந’வை (2984) ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் நடுவே ‘ஜ’ நுழைந்திருக்கிறது. மொழி எதுவென்று தெரியாதபோது பல மென்பொருள்கள் எடுப்பது எளிய வழிதான்: இந்த எண்களை ஒப்பிட்டு, சிறிய எண்ணை முன்னால் வைப்பது.

எண்கள் ஏன் இப்படி அமைந்தன? இந்திய எழுத்துமுறைகளுக்கென்று இந்தியாவில் உருவான ‘இஸ்கி’ என்ற தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றித்தான் யூனிகோட் தன் இந்தியப் பகுதிகளை அமைத்தது. தேவநாகரி, வங்காளம், குர்முகி, குஜராத்தி, ஒடியா, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஒன்பது எழுத்துமுறைகளும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டன. ஒலி ஒன்றானால் இடமும் ஒன்று. தேவநாகரி ககரத்தின் எண் 2325, தமிழ் ககரத்தின் எண் 2965. இரண்டுக்கும் வேறுபாடு 640. மகரத்துக்கும் அதே 640, வகரத்துக்கும் அதே 640. ஓர் எழுத்துமுறையிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாக மாற்றலாம் என்பது இதன் பயன். தமிழுக்கு அது கொடுத்த விலை, நம் பகுதியில் தெரியும் ஓட்டைகள். ‘க’வுக்கும் ‘ங’வுக்கும் இடையில் 2966, 2967, 2968 மூன்றும் வெறுமையாகக் கிடக்கின்றன, வடமொழியின் மற்ற மூன்று ககரங்களுக்கான இடங்கள் அவை. ‘ற’, ‘ன’, ‘ழ’ ஆகியவற்றுக்குத் தேவநாகரியில் இயல்பான இணை இல்லாததால், அடியில் புள்ளியிட்ட ர, ந, ள வடிவங்களுக்கு நேராக அவற்றை உட்காரவைத்தார்கள். றகரம் ரகரத்தின் உறவாகவும், னகரம் நகரத்தின் உறவாகவும் ஆனது இப்படித்தான்.

நம் நெடுங்கணக்கின் கணக்கு வேறு. எழுத்துகள் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் முப்பது என்று தொல்காப்பியமே வரையறுக்கிறது. ழ, ள, ற, ன நான்கும் வரிசையின் வாலில் நிற்பதற்கு எழுத்தியல் அறிஞர்கள் ஒரு காரணம் சொல்வார்கள்: பிராமி எழுத்தைத் தமிழுக்கு ஏற்ப ஆக்கிக்கொண்டபோது, தமிழ் ஒலிகளுக்கென்று சேர்ந்த எழுத்துகள் அவை, சேர்ந்தவை இறுதியில் நின்றன. பிற்காலத்தில் வந்த ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகள் அவற்றுக்கும் பின்னால் போயின. அப்படியென்றால் இந்த வரிசையின் கடைசிப் பகுதி, எந்த எழுத்து எப்போது வந்தது என்ற வரலாற்றுப் பதிவு. ஒலியொற்றுமை பார்த்து எண் கொடுத்தவர்கள் அந்த வரலாற்றைக் கலைத்துவிட்டார்கள் என்ற வருத்தம் தமிழ்க் கணிமை ஆர்வலர்களுக்கு நெடுநாளாக உண்டு. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண்ணை நெடுங்கணக்கு வரிசையிலேயே கொடுக்கும் ‘டேஸ் 16’ என்ற குறியேற்றம் பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு அதையும் தரமாக அறிவித்தது. ஆனால் அதன் எண்கள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பவை. அந்தப் பகுதியில் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று உலகக் கணினிகளுக்குப் பொதுவான ஒப்பந்தம் கிடையாது. எனவே அது பொதுப் புழக்கத்துக்கு வரவில்லை.

வருத்தம் நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் தீர்வு எண்களில் இல்லை. எண்வரிசையை நம்பி எந்த மொழியும் தன் அகராதியை அடுக்க முடியாது. ஆங்கிலத்திலேயே பெரிய ‘இசட்’ 90, சிறிய ‘ஏ’ 97. எண்படி அடுக்கினால் பேரெழுத்தில் தொடங்கும் சொற்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் சிற்றெழுத்துச் சொற்கள் வரும். புள்ளி வைத்த ‘ஏ’யைச் சுவீடன்காரர்கள் ‘இசட்’டுக்குப் பின்னால் தனி எழுத்தாக வைக்கிறார்கள்; ஜெர்மானியர்கள் சாதாரண ‘ஏ’யோடு சேர்க்கிறார்கள். எழுத்தும் ஒன்று, எண்ணும் ஒன்று, வரிசை இரண்டு. ஸ்பானிய மொழியில் ‘சிஎச்’ இணையைத் தனி எழுத்தாகவே அடுக்கிவந்தார்கள். 1994இல் அந்த மொழியின் கழகங்கள் கூடி, இனி அப்படி அடுக்குவதில்லை என்று முடிவெடுத்தன. ஒரே மொழிக்குள் காலத்துக்குக் காலம் வரிசை மாறும்போது, அதை எண்ணில் பூட்டிவைக்க முடியுமா? எண் என்பது எழுத்தை அடையாளம் காட்டினால் போதும். வரிசை வேறோர் அட்டவணையில் இருக்கவேண்டும்.

அந்த அட்டவணை இருக்கிறது. யூனிகோட் அமைப்பே ஒரு பொது வரிசைமுறையை வெளியிட்டுப் பேணிவருகிறது. அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் எண்ணைத் தவிர ‘எடை’ என்று ஒன்று தரப்பட்டிருக்கிறது. அந்த எடையும் படிப்படியாகப் பார்க்கப்படும்: முதலில் அடிப்படை எழுத்து, அது சமமானால் மேற்குறிகள், அதுவும் சமமானால் பேரெழுத்தா சிற்றெழுத்தா என்ற வேறுபாடு. இந்தப் பொது அட்டவணையில் தமிழ் மெய்கள் க, ங, ச, ஞ என்று தொடங்கி, ல, வ, ழ, ள, ற, ன என்று முடிந்து, அதன் பிறகே ஜகரம் முதலிய கிரந்த எழுத்துகள் வருகின்றன. அதாவது மனை, மறை, மழை பற்றிய பிழைகளுக்கு மருந்து பொது அட்டவணையிலேயே உண்டு.

ஒரு பிழை மட்டும் அதிலும் தங்கிவிடுகிறது. அது நம் எழுத்திலக்கணத்தின் அடிமடியையே தொடுவது.

கண், கண்ணாடி, கணக்கு, கணினி, கணை. இக்கால அகராதிகளைப் புரட்டினால் மெய் முன்னும் உயிர்மெய் பின்னுமாக இந்த ஒழுங்கில்தான் இருக்கும். எண்படி அடுக்கினால் கணக்கு, கணினி, கணை, கண், கண்ணாடி என்று வரும். ‘கண்’ என்ற இரண்டெழுத்துச் சொல் கணக்கையும் கணினியையும் தாண்டிப் பின்னால் போவதன் காரணம் புள்ளி. தமிழ் இலக்கணத்தில் மெய்தான் அடிப்படை. ‘ண்’ என்ற மெய்யோடு அகரம் சேர்ந்து ‘ண’ ஆகிறது, ஐகாரம் சேர்ந்து ‘ணை’ ஆகிறது. கணினிக் குறியேற்றம் இதைத் தலைகீழாக்கியது. அங்கே அகரமேறிய ‘ண’தான் அடிப்படை, அதற்கு ஒரே எண், 2979. ‘ண்’ எழுத வேண்டுமானால் அந்த எண்ணுக்குப் பிறகு புள்ளியின் எண்ணான 3021ஐச் சேர்க்கவேண்டும். கால், கொம்பு, சுழி முதலிய உயிர்க்குறிகள் 3006இலிருந்து 3020 வரைக்குள் அடங்கிவிட, புள்ளி அவற்றுக்கெல்லாம் பின்னால் நிற்கிறது. ஆகவே ஔகாரமேறிய எழுத்துக்கும் பிறகுதான் மெய்யெழுத்து வருகிறது. தனியெழுத்துகளை மட்டும் எடைபோடும் பொது அட்டவணையும் புள்ளியைக் குறிகளின் கடைசியில்தான் வைத்திருக்கிறது.

இதைச் சரிசெய்ய, தமிழுக்கென்று தனியாக எழுதப்பட்ட விதிகள் வேண்டும். ‘ண’வும் புள்ளியும் அடுத்தடுத்து வந்தால் அவற்றை இரண்டாகப் பார்க்காதே, ‘ண்’ என்ற ஓரெழுத்தாகக் கொள், அதன் இடம் ‘ண’வுக்கு முன்னால் என்று பதினெட்டு மெய்களுக்கும் கிரந்த மெய்களுக்கும் சொல்லவேண்டும். இந்த விதிகளும் எழுதப்பட்டுவிட்டன. உலக மொழிகளின் தேதி, நாணயம், எண், வரிசை ஆகியவற்றின் வழக்கங்களைத் தொகுத்துவைக்கும் யூனிகோடின் வட்டாரத் தரவுத் தொகுப்பில் தமிழுக்கான பக்கம் இருக்கிறது. அதில் இந்த வரிசை விதியும் இருக்கிறது. அதைப் படிக்கும் ‘ஐ.சி.யூ.’ என்ற நிரல்தொகுதி இன்று பல இயங்குதளங்களிலும் உலாவிகளிலும் அலுவலக மென்பொருள்களிலும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. தமிழ் விதியைப் பயன்படுத்தும்படி அதனிடம் யாராவது சொல்லவேண்டும்; எஞ்சிய வேலை அவ்வளவுதான்.

உங்கள் கணினியில் எது இயங்குகிறது என்று அறிய நான்கே சொற்கள் போதும்: மனை, மயில், கண், கணை. அடுக்கிய பட்டியலில் மனை மயிலுக்கு முன்னால் வந்தால், மொழி என்ற எண்ணமே இல்லாமல் வெறும் எண் ஒப்பீடு நடக்கிறது. மயில், மனை என்று சரியாக வந்தும் கணைக்குப் பின்னால் கண் வந்தால், பொது அட்டவணை மட்டும் வேலை செய்கிறது. கண், கணை, மயில், மனை என்று வந்தால் தமிழ் விதி இயங்குகிறது.

இயங்கவில்லையென்றால் எங்கே சொல்வது? திரையில் தெரியும் மொழியும் அடுக்கும் மொழியும் வேறுவேறு அமைப்புகள் என்பதை முதலில் மனத்தில் வைக்கவேண்டும். மெனுக்கள் ஆங்கிலத்தில் இருக்கட்டும் என்று விரும்புபவர்கள் பலர். அதனால் தமிழ் வரிசையை இழக்கவேண்டியதில்லை. லினக்ஸில் இந்தப் பிரிவு மிகத் தெளிவு. செய்திகளுக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று, எண்களுக்கு ஒன்று, வரிசைக்கு ஒன்று என்று தனித்தனி மாறிகள் உண்டு. வரிசைக்கானது ‘எல்.சி. கொலேட்’. அதில் தமிழ்-இந்தியா அல்லது தமிழ்-இலங்கை என்ற குறியை இட்டு, மற்றவற்றை ஆங்கிலமாகவே விட்டுவிடலாம். ஒரு நிபந்தனை: ‘எல்.சி. ஆல்’ என்ற மாறியில் ஏதேனும் இருந்தால் அது மற்ற அனைத்தையும் மீறிவிடும். எனவே அது காலியாக இருக்கவேண்டும். அந்த வட்டாரத் தரவு கணினியில் நிறுவப்பட்டிருக்கவும் வேண்டும். இல்லாத பெயரைக் கொடுத்தால் பல நிரல்கள் சத்தமில்லாமல் ‘சி’ என்ற வெற்று அமைப்புக்குத் திரும்பி, எண்படி அடுக்கிக் கொடுத்துவிடும்.

விண்டோஸில் நேரம், மொழி ஆகியவற்றுக்கான அமைப்புப் பக்கத்தில் காட்சி மொழி ஒரு பக்கமும் வட்டார வடிவம் இன்னொரு பக்கமும் இருக்கும். வரிசையைத் தீர்மானிப்பது வட்டார வடிவம். அங்கே தமிழை இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாட்டோடு சேர்த்துத் தேர்ந்தெடுக்கவேண்டும். நாட்டைக் கவனமாகத் தேர்வதில் பொருள் உண்டு. இந்தியத் தமிழில் 12,34,567 என்று இலட்சக் கணக்கில் காற்புள்ளி விழும். சிங்கப்பூர், மலேசியத் தமிழில் 1,234,567 என்று மில்லியன் கணக்கில் விழும். எக்செல்லுக்கு வரிசை மொழி என்று தனித் தேர்வு கிடையாது. விண்டோஸின் வட்டார அமைப்பையே அது பார்க்கிறது. வேர்டில் சார்ட் பெட்டிக்குள் ‘ஆப்ஷன்ஸ்’ போனால் வரிசைக்கான மொழியைத் தேர்வுசெய்யலாம். லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் டேட்டா மெனுவின் சார்ட் பெட்டியில் அப்படியொரு மொழிப் பட்டியல் இருக்கிறது. மற்ற எதையும் தொடாமல் அந்த ஒரு பட்டியலை மட்டும் தமிழில் அடுக்க இதுவே எளிய வழி. மேக்கில் மொழி, வட்டாரம் அமைப்பிலேயே பட்டியல் வரிசைக்கென்று ஒரு தேர்வு உண்டு. நிரல் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒரு சொல்: பைத்தானில் ‘சார்ட்டட்’ எந்த அமைப்பையும் பார்க்காது, எண்ணை மட்டுமே பார்க்கும். தமிழ் வரிசை வேண்டுமென்றால் ஐ.சி.யூ. வழியாக வரிசைச் சாவி செய்து கொடுக்கவேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்கள் நிகண்டுகளை நினைத்துப் பார்க்கலாம். திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வகையில் செய்யுளாக அமைந்தவை. மனப்பாடம் செய்தவருக்கே அவை உடனே பயன்படும். 1732இல் வீரமாமுனிவர் செய்த சதுரகராதி போன்ற நூல்கள் அகரவரிசையை முதன்மையாக்கின. ஒரு நூலை மனத்தில் ஏற்றாதவரும் அதற்குள் நுழைந்து வேண்டியதை எடுக்கலாம் என்ற நிலை வந்தது. தேடுபவருக்கும் அடுக்கியவருக்கும் வரிசை ஒன்றாக இருந்தால்தான் இது நடக்கும். ‘மனோன்மணீயம்’ நூலைத் தேடும் வாசகர் மகர வரிசையின் அகரப் பகுதியில் கடைசிப் பக்கத்துக்குப் போவார். கணினி அதை மயிலுக்கு முன்னால் வைத்திருந்தால், நூல் அங்கே இல்லை என்று முடிவுகட்டித் திரும்பிவிடுவார்.

இதே விபத்து இயந்திரங்களுக்குள்ளும் நடந்திருக்கிறது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28ஆம் பதிப்பு 2018 ஆகஸ்டில் வெளியானது. அதில் பழைய வரிசை அட்டவணை நீக்கப்பட்டு, பன்னாட்டுத் தரத்தின் புதிய அட்டவணை சேர்க்கப்பட்டது. நல்ல திருத்தம்தான். ஆனால் போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் தங்கள் சுட்டிகளை (தேடலுக்கான அடைவுகளை) இயங்குதளத்தின் வரிசைப்படி வட்டில் அடுக்கி வைத்திருக்கும். தேடும்போது நடுவில் திறந்து பார்த்து, தேடும் பெயர் முன்பாதியிலா பின்பாதியிலா என்று முடிவு செய்து, மீண்டும் அதன் நடுவைத் திறக்கும். இயங்குதளத்தைப் புதுப்பித்ததும் ஒப்பிடும் விதி மாறியது. வட்டில் கிடந்த அடுக்கு பழைய விதியிலேயே இருந்தது. விளைவாக, உள்ளே இருக்கும் பதிவுகளே ‘இல்லை’ என்று விடை வரக்கூடிய நிலை. இரண்டாம் முறை வரக்கூடாத பெயர்கள், முதலாவது கண்ணில் படாததால் மீண்டும் நுழையக்கூடிய நிலை. புதுப்பித்த நிர்வாகிகள் சுட்டிகளை மறுபடி கட்டவேண்டியிருந்தது. வரிசை என்பது திரையின் அழகு சம்பந்தப்பட்டது என்று நினைப்பவர்களுக்கு இந்த நிகழ்ச்சியைத்தான் நான் காட்டுவேன்.

அட்டவணை சரியாக இருந்தும் வரிசை பிசகும் இடங்கள் சில உண்டு. ‘கொடி’யில் உள்ள ஒகரக் குறியை 3018 என்ற ஒரே எண்ணாகவும் எழுதலாம்; 3014 என்ற ஒற்றைக்கொம்பு, 3006 என்ற கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம். நல்ல மென்பொருள் ஒன்றாகவே கொள்ளும், எண் ஒப்பீடு பிரித்துவிடும். ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் அடிப்பது வேறு வகை. ‘கௌதமன்’ என்பதைக் ‘கெளதமன்’ என்று அடித்தால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் அது எழுத்துப்பிழை. எந்த அட்டவணையாலும் அதைக் காப்பாற்ற முடியாது, பெயர் எகர வரிசைக்குப் போய்விடும். ‘ஸ்ரீ’யில் இன்னொரு சிக்கல். 2005இல் ‘ஶ’ என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்தபின், அதைக் கொண்டு எழுதுவதே முறை என்று ஆனது. பழைய கோப்புகளிலும் பல விசைப்பலகைகளிலும் ‘ஸ’ தொடர்கிறது. ஸ்ரீதரன் என்ற பெயர் ஒரே பட்டியலில் இரண்டு இடங்களில் வந்தால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். அடுக்குவதற்கு முன்பே இவற்றைத் தேடி ஒரே வடிவுக்கு மாற்றிவிடுவது நல்லது.

கடைசியாக முன்னெழுத்துகள். ‘உ. வே. சாமிநாதையர்’ என்று ஒரே கட்டத்தில் அடித்தால் எந்தத் தமிழ் விதியும் அவரை உகரத்தில்தான் வைக்கும். நடுவிலுள்ள முற்றுப்புள்ளியையும் இடைவெளியையும் சில அட்டவணைகள் கணக்கில் எடுக்கும், சில எடுக்காது; எனவே ‘ம.பொ.சிவஞானம்’ ஓரிடத்திலும் ‘ம. பொ. சிவஞானம்’ வேறிடத்திலும் போய் விழக்கூடும். பெயருக்கு ஒரு பத்தி, முன்னெழுத்துக்கு ஒரு பத்தி என்று பிரித்து, முதலில் பெயரையும் பிறகு முன்னெழுத்தையும் வைத்து அடுக்கச் சொல்லவேண்டும். அச்சுக்குப் போகும்போது இரண்டையும் மூன்றாவது பத்தியில் சேர்த்துக்கொள்ளலாம்.